உலாவிக்குள் ஒரு குளம்: த்ரீஜேஎஸ் பழகத் தொடங்குகிறோம், உதவி தேவை

பாலியாற்றங்கரை | வெள்ளி, இரவு 8.50

வணக்கம். துணுக்காய்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கிறேன். உயர்தர வகுப்பில் பதினொரு பிள்ளைகள். எங்கள் ஊர்க்குளத்தை உலாவியில் முப்பரிமாணமாகக் காட்ட வேண்டும் என்று இந்தத் தவணை அவர்களே கேட்டு வந்தார்கள். குளக்கட்டு, துருசு (தண்ணீர் திறந்துவிடும் மதகு), வான் (மிகைநீர் வழிந்தோடும் இடம்), அலைகரை (நீர் வந்து தொடும் கரை), வாய்க்கால் எல்லாம் தெரிய வேண்டும். சுட்டியைப் பிடித்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். நீர்மட்டத்தை அடிக்கணக்கில் ஏற்றி இறக்கினால் தண்ணீர் எதுவரை பரவும் என்று தெரிய வேண்டும். பாதிப் பேர் வயற்காரர் வீட்டுப் பிள்ளைகள். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். அதனால்தான் இந்த ஆசையைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை.

த்ரீஜேஎஸ் என்ற நிரல் நூலகம் (ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு) இதற்குப் பொருத்தம் என்று படித்தேன். யூரியூப்பில் ஒரு பாடத்தைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து அடித்தேன். இரண்டு இரவுகளாகக் கறுப்புத் திரை மட்டும்தான். எஃப்12 அழுத்தி உலாவியின் பிழைப் பட்டியலைத் திறந்தால் சிவப்பு வரிகள். ஆய்வுகூடத்தில் நிரந்தர இணையம் இல்லை, என் கைத்தொலைபேசியில் இருந்துதான் இணைப்புக் கொடுக்கிறேன். கணினிகளும் பழையவை. இந்த நிலையில் இது நடக்கக்கூடிய காரியமா? நடக்கும் என்றால் எங்கே தொடங்குவது?

கனகராயனாறு | வெள்ளி, இரவு 9.35

நடக்கும் சேர். உங்கள் பிள்ளைகள் கேட்டது மிக நல்ல செயற்றிட்டம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

உலாவிக்குள் கணினியின் வரைகலைச் சில்லோடு பேசும் மொழி வெப்ஜிஎல். அதன் முதற் பதிப்பு 2011இல் வந்தது. அதில் நேரடியாக எழுதினால் ஒரு முக்கோணத்தை வரைவதற்கே பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அந்தச் சுமையைத் தோளில் வாங்கிக்கொள்வதுதான் த்ரீஜேஎஸ். ரிக்கார்டோ கபேயோ என்பவர் 2010இல் வெளியிட்டது. எம்ஐடி உரிமம் என்பதால் காசு இல்லை, உரிமக் குறிப்பை நீக்காமல் வைத்திருந்தால் போதும். காட்சி, கேமரா, ரெண்டரர் ஆகிய மூன்றும் வேண்டும். காட்சிக்குள் பொருட்களை வைக்கிறீர்கள், கேமரா ஓர் இடத்தில் நின்று பார்க்கிறது, ரெண்டரர் அதைத் திரையில் வரைகிறது. ஒவ்வொரு பொருளும் ஒரு மெஷ். அதற்கு வடிவம் ஒன்று, மேற்பூச்சு ஒன்று.

இனி உங்கள் கறுப்புத் திரை. பழகத் தொடங்கியவர்கள் கொண்டுவரும் கறுப்புத் திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு நான்கு காரணங்களில் ஒன்றுதான் இருக்கும்.

கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தீர்களா? முகவரி 'ஃபைல்' என்று தொடங்கினால் உலாவி ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் மொட்யூல்களை (தனித்தனிக் கோப்பாக இணைக்கும் நிரல்களை) ஏற்காது. ஒரு சிறிய சேவையகம் தேவை. உயர்தரப் பாடத்துக்காகப் பைத்தான் ஏற்கெனவே நிறுவியிருப்பீர்கள். அதிலேயே எச்டிடிபி சேவையகம் இருக்கிறது, ஒரு கட்டளை போதும், இணையம் தேவையில்லை. விண்டோஸ் கணினி சிலவற்றில் ஜேஎஸ் கோப்பை அது வெறும் எழுத்துக் கோப்பு என்று அறிவிக்கும். அப்போது 'மைம் வகை' பற்றிய பிழை வரும். முன்பு நிறுவிய வேறு ஏதோ மென்பொருள் விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் அந்த வகையை மாற்றி வைத்திருப்பதே காரணம். அதைத் திருத்தினால் சரியாகிவிடும்.

அடுத்தது பாடத்தின் வயது. இதுதான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. த்ரீஜேஎஸ் அடிக்கடி மாறும். பழைய பாடங்களில் வரும் 'ஜியோமெட்ரி' என்ற அடிப்படை வகை 125ஆம் வெளியீட்டிலேயே போய்விட்டது. ஸ்கிரிப்ட் குறியால் நேரே இணைக்கும் பழைய கோப்பு 160இல் நீக்கப்பட்டது. 155இல் ஒளியின் கணக்கு மாறியது, பழைய பாடத்தில் போட்ட அளவு ஒளி இன்று மங்கலாகத்தான் விழும். பாடம் சொல்பவர் பிழை விடவில்லை, நீங்களும் பிழை விடவில்லை. அவர் பேசும் நூலகம் ஒன்று, நீங்கள் இறக்கிய நூலகம் வேறொன்று. ஆகவே ஒரு வெளியீட்டைத் தேர்ந்து, அதன் கோப்புகளை ஒருமுறை இறக்கி, எல்லாக் கணினிகளிலும் ஒரே கோப்புறையில் போடுங்கள். நூலகம் எங்கே இருக்கிறது என்று பக்கத்துக்குள் எழுதும் குறிப்பான இம்போர்ட் மேப் அந்தக் கோப்புறையைக் காட்டட்டும். தவணை முடியும்வரை வெளியீட்டை மாற்ற வேண்டாம். கைத்தொலைபேசி இணைப்பும் மிச்சம். புதிய வெளியீடுகளில் 'மொட்யூல்' கோப்போடு 'கோர்' கோப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் பிரதி எடுத்தால் ஓடாது.

மற்ற இரண்டும் உங்கள் நிரலைப் பார்த்தால்தான் சொல்லலாம். கேமரா எங்கே நிற்கிறது? ஒளி ஏதாவது வைத்தீர்களா? 'ஸ்டாண்டர்ட்' மேற்பூச்சு ஒளி இல்லாவிட்டால் கறுப்பாகத்தான் தெரியும். 'பேசிக்' மேற்பூச்சுக்கு ஒளி தேவையில்லை. முதல் நாள் அதையே போடுங்கள்.

பனங்கூடல் | வெள்ளி, இரவு 10.20

அண்ணா சொன்ன எல்லாம் சரி. ஆனால் தொடக்கத்தைப் பற்றி நான் வேறு விதமாக நினைக்கிறேன். நான் தரம் எட்டு, ஒன்பது பிள்ளைகளோடு வேலை செய்கிறவள். முப்பரிமாணத்தில் முதல் அடி வைத்தால் கேமரா, ஒளி, மூன்று அச்சுகள் எல்லாம் ஒரே நாளில் தலைக்கு மேல் விழும். பி5ஜேஎஸ் என்று ஒன்று இருக்கிறது. கலைஞர்களும் பழகுவதற்காக 2001இல் தொடங்கிய புரொசெசிங் என்ற மொழியின் வழிவந்தது. லோரன் மெக்கார்த்தி அதை 2013இல் உலாவிக்குக் கொண்டுவந்தார். 'செட்டப்' ஒருமுறை ஓடும், 'டிரா' திரும்பத் திரும்ப ஓடும், அவ்வளவுதான். பத்து வரியில் பிள்ளை தன் குளத்தை மேலிருந்து பார்க்கும் படமாக வரைந்துவிடும். சுட்டி போகும் இடமெல்லாம் தண்ணீர் நிறம் மாறும். அந்த முதல் மகிழ்ச்சியை இரண்டு கிழமை தள்ளிப் போடக்கூடாது.

கனகராயனாறு | வெள்ளி, இரவு 10.41

தரம் எட்டுக்கு அது முற்றிலும் சரி தங்கச்சி. நானும் அதையே சொல்வேன். இவர்கள் உயர்தரப் பிள்ளைகள், கேட்பது சுற்றிப் பார்க்கும் குளம். மேலிருந்து பார்த்த படத்தில் நீர்மட்டம் என்ற விடயமே இல்லாமல் போய்விடும்.

பனங்கூடல் | வெள்ளி, இரவு 10.58

ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் முதல் நாள் தாளில் என்றாலும் மேலிருந்து ஒரு வரைபடம் வரையச் சொல்லுங்கள் சேர். எது எங்கே இருக்கிறது என்பது கணினிக்கு முன்னால் உட்கார முதலே தீர்ந்திருக்க வேண்டும்.

பாலியாற்றங்கரை | சனி, மாலை 6.15

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். தாளில் வரைந்தோம். குளக்கட்டில் எத்தனை எட்டு என்று ஒருவன் நடந்தே அளந்து வந்திருந்தான். பைத்தான் சேவையகம் ஓடியது. சிவப்பு வரிகள் போயின. ஆனால் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு ஒரு பிள்ளை கேமராவைத் தூரத்துக்குத் தள்ளிப் பார்த்தாள், திடீரென்று கட்டு தெரிந்தது. அந்த நேரம் வகுப்பில் எழுந்த சத்தத்தைக் கேட்டு அதிபர் வந்து எட்டிப் பார்த்தார்.

இப்போது இரண்டு கேள்விகள். முதலில் ஏன் தெரியவில்லை? தண்ணீருக்காகப் போட்ட தளம் ஏன் படுக்காமல் சுவர் போல நிற்கிறது?

முத்தையன்கட்டு | சனி, இரவு 7.05

சேர், அறிவியல்நகர்ப் பொறியியற் பீடத்தில் படிக்கிறேன். இந்த இரண்டிலும் நானும் விழுந்து எழும்பியிருக்கிறேன்.

பாடங்களில் கேமராவை ஐந்து அலகு தூரத்தில் வைப்பார்கள். அவர்கள் வைக்கும் பெட்டி ஓர் அலகு அகலம் என்பதால் அது போதும். உங்கள் கட்டு பல நூறு அலகு. ஆகவே கேமரா கட்டுக்குள்ளேயே நின்றது. பெட்டியின் முகங்கள் வெளிப்பக்கம் மட்டும்தான் வரையப்படும், உள்ளே நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. தளத்தைப் பொறுத்தவரை, த்ரீஜேஎஸ் அதை எப்போதும் நிமிர்த்தித்தான் தரும். எக்ஸ் அச்சில் கால் வட்டம் பின்னோக்கிச் சுழற்றினால் படுக்கும். கோணம் பாகையில் இல்லை, ரேடியனில். 90 என்று எழுதினால் பதினான்கு சுற்றுக்கு மேல் சுழன்று எங்கேயோ சரிந்து நிற்கும். எழுத வேண்டியது பையின் பாதி, முன்னால் கழித்தல் குறி.

ஓர் அலகு ஒரு மீற்றர் என்று இன்றைக்கே முடிவெடுத்து விடுங்கள். பின்னால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் துருசு செய்து ஜிஎல்டிஎஃப் என்ற முப்பரிமாணக் கோப்பாகக் கொண்டுவந்தாலும் அதுவும் மீற்றர்தான். ஊரில் நீர்மட்டம் அடியில்தான் பேசுவோம், அதற்கு ஒரே இடத்தில் மாற்றக்கணக்கு வையுங்கள். இரணைமடுக் குளத்தின் முழு மட்டம் 36 அடி என்றால் 10.97 மீற்றர். அப்புறம், கேமராவின் தொலை எல்லையையும் பாருங்கள். பாடத்தில் ஆயிரம் என்று இருக்கும். ஆயிரம் மீற்றருக்கு அப்பால் இருக்கும் அலைகரை கத்தியால் வெட்டியது போல மறைந்துவிடும். ஐயாயிரமாக்குங்கள். அதே நேரம் கிட்டிய எல்லையை 0.1இல் விடாமல் 1 ஆக்குங்கள். தொலை எல்லை கிட்டிய எல்லையைப் போல எத்தனை மடங்கு என்பது பெருகப் பெருக ஆழக் கணக்கின் நுணுக்கம் குறையும். தண்ணீரும் தரையும் ஒன்றோடொன்று மினுங்கத் தொடங்கும்.

நிலத்தையும் உண்மையான உயரத்தோடு காட்ட வேண்டும் என்றால், 2000 பெப்ரவரியில் விண்ணோடத்தில் இருந்து ராடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏறக்குறைய முப்பது மீற்றருக்கு ஒரு புள்ளி. தளத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு முனையையும் அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும். நான் எங்கள் பக்கத்துக்குச் செய்து பார்த்தேன். முதலில் வந்தது விரித்த ஓலைப்பாய். வன்னி அவ்வளவு தட்டை. உயரத்தைப் பத்து மடங்காக்கிய பிறகுதான் நிலத்தின் சரிவு கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் மூன்று விடயங்களை நேரடியாகவே கண்டேன். காடு இருக்கும் இடமெல்லாம் மேடு போல வந்தது, ஏனென்றால் ராடார் அங்கே மண்ணைத் தொடவில்லை, மரத்தலைகளைத்தான் தொட்டது. குளம் இருக்கும் இடத்தில் நீரின் மேற்பரப்புத்தான் இருந்தது, அடி இல்லை. சில மீற்றர் அகலக் கட்டும் முப்பது மீற்றர்ப் புள்ளிகளுக்கிடையில் கரைந்துவிட்டது. குளத்தின் அடி எப்படி என்று அறிய, கோடையில் வற்றிய குளத்துக்குள் நடந்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பாலியாற்றங்கரை | சனி, இரவு 7.40

தம்பி, கடைசி வரியை வகுப்பில் அப்படியே வாசித்துக் காட்டப் போகிறேன்.

நந்திக்கடல் | ஞாயிறு, காலை 9.10

இதுவரை ஒருவரும் தொடாத ஒன்று: தமிழ்.

உங்கள் குளத்தில் பெயர்ப்பலகைகள் வரும்தானே? த்ரீஜேஎஸ்ஸின் முப்பரிமாண எழுத்து வசதியைக் கொண்டு தமிழ் எழுதாதீர்கள். நான் 'இரணைமடு' என்று எழுதினேன். திரையில் 'இரணமைட' என்று வாசிக்கும்படி வந்தது, உகரக் குறி தனியாக ஓரத்தில் நின்றது. காரணம் இதுதான்: சேமிப்பில் ஐகாரக் குறி ணகரத்துக்குப் பின்னால்தான் இருக்கும். அதை எழுத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவதும், டகரத்தையும் உகரத்தையும் ஒரே உருவமாக்குவதும் எழுத்துக் கோவை செய்யும் இயந்திரத்தின் வேலை. அந்த வசதிக்குள் அந்த இயந்திரம் இல்லை, வந்த வரிசைக்கே உருவங்களை அடுக்கிவிடும். ணகரத்துக்கும் மகரத்துக்கும் நடுவில் விழுந்த ஐகாரக் குறியை நம் கண் மகரத்தோடு சேர்த்து வாசிக்கிறது.

தீர்வு கையிலேயே இருக்கிறது. உலாவிக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கேன்வாஸில் (உலாவியின் வரைபரப்பில்) சாதாரணமாக எழுத்தை எழுதி, அதை 'கேன்வாஸ் டெக்ஸ்சர்' என்ற ஒட்டுப்படம் ஆக்கிப் பலகை மேல் ஒட்டுங்கள். எழுத்துரு இறங்கி முடிந்த பிறகே எழுத வேண்டும் என்பதை மறக்காதீர்கள். அல்லது சிஎஸ்எஸ்2டி ரெண்டரர் மூலம் சாதாரண எச்டிஎம்எல் எழுத்தைக் காட்சியின் மேல் மிதக்க விடலாம். நான் இரண்டாவதையே விரும்புகிறேன். அருகில் போனாலும் எழுத்து உடையாது.

அடுத்தது, பிள்ளைகள் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்கும்.

let நீர்மட்டம் = 36 * 0.3048

இது ஓடும். துருசு, வான், வாய்க்கால் என்று எழுதும்போது பிள்ளைக்கு அந்தப் பொருள் கண்ணில் நிற்கிறது. ஆங்கிலச் சொல்லைத் தேடி அகராதிக்குப் போகும் நேரத்தில் சிந்தனை அறுந்துவிடுகிறது. இதை வகுப்பில் கண்டவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

கனகராயனாறு | ஞாயிறு, காலை 10.30

எழுத்துக் கோவை பற்றி அக்கா சொன்னதை நான் எங்கும் தமிழில் படித்ததில்லை. நன்றி.

மாறிப் பெயர் விடயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒகர, ஓகார உயிர்மெய்யின் குறி யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒரே குறியாகவும், முன்னால் கொம்பும் பின்னால் காலுமாக இரண்டு குறிகளாகவும். திரையில் இரண்டும் ஒன்றே. ஜாவாஸ்கிரிப்ட் இவற்றை ஒன்றாக்கிப் பார்க்காது. 'காலபோகம்' என்று ஒரு கணினியில் அடித்த மாறியும் இன்னொரு மென்பொருளில் இருந்து வந்த 'காலபோகம்' மாறியும் இரண்டு வெவ்வேறு மாறிகள் ஆகலாம். 'வரையறுக்கப்படவில்லை' என்று பிழை வரும், பார்த்தால் பிழையே தெரியாது. ஒரு முழு மாலையை நான் இதில் இழந்திருக்கிறேன். தவிர, இந்தப் பிள்ளைகள் நாளை வேறு ஊரவரோடு சேர்ந்து நிரல் எழுத வேண்டியவர்கள்.

நந்திக்கடல் | ஞாயிறு, காலை 11.05

எல்லோரும் ஒரே விசைப்பலகை முறையைப் பாவித்தால், பெயரை அடிக்காமல் தொகுப்பியின் பரிந்துரையில் இருந்து தேர்ந்தால், அந்தச் சிக்கல் வராது. நாளைய ஊரவரைப் பற்றி நாளை பார்க்கலாம் தம்பி. சிந்திக்கப் பழகும் வயதில் சொந்தச் சொல்லில் சிந்திக்கட்டும். ஆங்கிலப் பெயரைப் பின்னால் ஒரு கிழமையில் பழகிக்கொள்வார்கள்.

கனகராயனாறு | ஞாயிறு, காலை 11.20

சரி அக்கா, செயற்றிட்டத்துக்குள் அப்படியே இருக்கட்டும். கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் வையுங்கள் சேர். பழைய கணினிகளுக்கிடையில் பென்டிரைவில் கொண்டுபோகும்போது தொல்லை இருக்காது.

பாலியாற்றங்கரை | திங்கள், மாலை 4.30

ஆய்வுகூடத்தில் எட்டுக் கணினிகளில் ஓடுகிறது. மூன்றில் 'வெப்ஜிஎல் உருவாக்க முடியவில்லை' என்கிறது.

முத்தையன்கட்டு | திங்கள், மாலை 5.10

முதலில் உலாவி அமைப்பில் வன்பொருள் முடுக்கம் நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தும் ஓடாவிட்டால் வரைகலைச் சில்லு பழையது என்று பொருள். த்ரீஜேஎஸ் 163ஆம் வெளியீட்டில் இருந்து வெப்ஜிஎல்லின் முதற் பதிப்பைக் கைவிட்டுவிட்டது, இரண்டாம் பதிப்பு தெரிந்த கணினியில்தான் ஓடும். 162ஐ இறக்கி எல்லாக் கணினிகளிலும் அதையே போடுங்கள். முதற் பதிப்பாவது தெரிந்த கணினி என்றால் அதில் ஓடும். நீங்கள் செய்யும் வேலைக்கு 162இல் எந்தக் குறையும் இல்லை.

பாலியாற்றங்கரை | வியாழன், இரவு 8.05

162 போட்டோம். மூன்றில் இரண்டு ஓடுகின்றன. மூன்றாவதை எழுத்து வேலைக்கு ஒதுக்கிவிட்டோம்.

குளம் இப்போது குளமாக இருக்கிறது. ஒரு வழுக்கிப் பட்டையை இழுத்தால் தண்ணீர் ஏறுகிறது, பலகைகளில் தமிழ் உடையாமல் நிற்கிறது. ஒரு பிள்ளையின் அம்மப்பாவை நேற்று அழைத்து வந்தோம். நாற்பது வருடத்துக்கு மேல் அந்தக் குளத்துத் தண்ணீரில் விதைத்தவர். கதிரையை இழுத்து முன்னால் போட்டு இருத்தினோம். சற்று நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு விரலால் திரையைத் தொட்டு, "இது எங்கள் குளம் இல்லையே. கட்டில் ஏறித் தண்ணீரைப் பார்த்து நின்றால் துருசு என் இடக்கைப் பக்கம். நீங்கள் வலக்கைப் பக்கம் வைத்திருக்கிறீர்கள். வானும் மாறி நிற்கிறது" என்றார்.

பிள்ளைகள் தாளை எடுத்துப் பார்த்தார்கள். தாளில் எல்லாம் சரியாகவே இருக்கிறது. தாளில் இருந்த அளவுகளைத்தான் எண்ணுக்கு எண் இட்டோம். கிழக்கு எக்ஸ், உயரம் வை, வடக்கு இசட். எங்கே பிழைத்தது?

கனகராயனாறு | வியாழன், இரவு 8.30

வடக்கில்தான் பிழை. த்ரீஜேஎஸ்ஸில் இசட் அச்சு நம்மை நோக்கி வருகிறது, தூரத்துக்குப் போவது கழித்தல் இசட். கிழக்கை எக்ஸ் என்றும் மேலே வை என்றும் வைத்தால் கூட்டல் இசட் தெற்குத்தான். வடக்கைக் கூட்டலில் போட்டதால் குளம் முழுவதும் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலமாகிவிட்டது. கேமராவை எந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தாலும் இது தீராது.

முதல் நாள் ஒன்றைக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான் சேர். பாடத்தில் வரும் பெட்டியையோ உருண்டையையோ செய்திருந்தால் இடம் வலம் மாறியதை ஒருவரும் கண்டிருக்க மாட்டார்கள். அம்மப்பா கால் பதித்து நின்ற குளம் என்பதால் கண்டார்.

இசட் எண்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கழித்தல் குறி போடுங்கள். பொருளை மறை எண்ணால் பெருக்கிக் கவிழ்க்க வேண்டாம், பெயர்ப்பலகையின் எழுத்தும் சேர்ந்து கவிழ்ந்துவிடும்.

பாலியாற்றங்கரை | வெள்ளி, பிற்பகல் 2.50

போட்டோம். துருசு இடக்கைப் பக்கம் வந்துவிட்டது. அம்மப்பா ஞாயிறு மறுபடி வருகிறார், வற்றிய குளத்தின் அடியில் எங்கே பள்ளம், எங்கே திட்டு என்று சொல்ல. தளத்தை நாற்பதுக்கு நாற்பது கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கிறோம். முனைகளை ஏற்றி இறக்கிய பிறகு ஒளி சரியாக விழுவதற்கு வேறு ஏதாவது செய்ய வேண்டுமா?

முத்தையன்கட்டு | வெள்ளி, பிற்பகல் 3.15

இரண்டு செய்ய வேண்டும் சேர். இடத் தரவு புதுப்பிக்கப்பட வேண்டும் என்று 'நீட்ஸ் அப்டேட்'டை உண்மை ஆக்குங்கள். பிறகு முனைகளில் மேற்பரப்பு எந்தத் திசை பார்க்கிறது என்று மறுபடி கணிக்கும் 'கம்பியூட் வெர்டெக்ஸ் நோர்மல்ஸ்' அழையுங்கள், பள்ளத்தின் நிழல் அப்போதுதான் தெரியும். ஞாயிறு எத்தனை மணிக்கு? மாங்குளத்தில் பஸ் மாறி நானும் வருகிறேன்.

பாலியாற்றங்கரை | வெள்ளி, பிற்பகல் 3.22

ஒன்பது மணிக்கு. வாருங்கள் தம்பி, பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்கிறேன்.